1972 மினி 1000: பின்பக்க ரேடியஸ் ஆர்மில் ஆட்டம், ஹேண்ட்பிரேக்கும் பிடிக்கவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

சின்னவண்டி72

வணக்கம். வண்டி 1972 மினி 1000, வலப்பக்க ஸ்டியரிங், ரப்பர் கோன் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் கூம்பு வடிவ ரப்பர்). தற்போதைய நிலை இது:

இடது பின்சக்கரத்தைப் பின்னால் நின்று பார்த்தால் மேல்பகுதி உள்ளே சாய்ந்து தெரிகிறது. அந்த டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் அந்த மூலையிலிருந்து 'டொக்' என்று சத்தம். ஜாக் போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் கையில் நன்றாகத் தெரிகிறது.

பிரேக் பக்கம்: ஹேண்ட்பிரேக்கை மேலே வரை இழுத்தாலும் சரிவில் வண்டி நகர்கிறது. பெடல் முதல் மிதியில் ஆழமாகப் போகிறது, இரண்டாவது மிதியில் மேலே வருகிறது. இடது பின் பேக்பிளேட்டின் (ட்ரம்முக்குப் பின்னால் பிரேக் பாகங்களைத் தாங்கும் தகடு) கீழே ஈரம். ஷூவுக்கும் ட்ரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் அசையவே இல்லை.

கேள்விகள்: ஆட்டம் ஹப் (சக்கரம் பொருந்திச் சுழலும் மையம்) பேரிங்கிலா, ரேடியஸ் ஆர்மிலா (பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) என்று எப்படி உறுதி செய்வது? சப்ஃப்ரேமை (பின் சஸ்பென்ஷன் பொருந்தியிருக்கும் இரும்புச் சட்டம்) இறக்காமல் ஆர்மை மட்டும் கழற்ற முடியுமா? ஆர்மைத் தயார்நிலையில் வாங்குவது நல்லதா, பழையதற்கே புஷ் போடுவது நல்லதா? சஸ்பென்ஷன் முதலிலா, பிரேக் முதலிலா?

---

கோன்_ட்ரம்பெட்

கடைசிக் கேள்வியிலிருந்து வரேன். ரெண்டையும் ஒரே மூச்சுல பண்ணுங்க. ஆர்ம் வெளிய வரணும்னா பிரேக் ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் கழன்றுதான் ஆகணும். பிரேக்கை இன்னிக்கு சரி பண்ணி பிளீட் பண்ணிட்டு (குழாயில இருக்கிற காத்தை எடுத்துட்டு), அடுத்த மாசம் ஆர்முக்காக அதையே திரும்பப் பிரிச்சா வேலையும் ஃப்ளூயிடும் வீண்.

ஹப்பா ஆர்மா என்பதற்குச் சோதனை சுலபம். சக்கரம் தூக்கியே இருக்கட்டும். ஒருத்தர் பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கட்டும், நீங்க சக்கரத்தை மேல்-கீழ் பிடிச்சு ஆட்டுங்க. பிரேக் பிடிச்சதும் ஆட்டம் காணாமப் போனா ஹப் பேரிங். ஷூவும் ட்ரம்மும் ஒண்ணா இறுகி ஹப்பை நிறுத்திடுது, அதனாலதான். பிரேக் பிடிச்சும் அதே ஆட்டம் இருந்தா ஆர்ம் பிவட் (ஆர்ம் சுத்தற அச்சு). அப்பவே ஒரு டார்ச் அடிச்சு ஆர்மின் முன்முனையைப் பாருங்க: சப்ஃப்ரேம் அசையாம நிக்க, ஆர்ம் மட்டும் ஷாஃப்ட்டைச் சுத்தி ஏறி இறங்கும். நீங்க சொன்ன சாய்வும் டயர் தேய்மானமும் பார்த்தா ஆர்ம்தான். ஃபேக்டரி கணக்குல பின்சக்கரம் மேல்பக்கம் லேசா வெளிய, சுமார் 1 டிகிரி சாஞ்சு நிக்கணும். உள்ளே சாய்வது தேஞ்ச ஆர்மின் முகவரி.

ஏன் தேயுதுன்னா: ஒவ்வொரு ஆர்மும் ஒரே ஷாஃப்ட்டுல ரெண்டு இடத்துல உக்காருது. உள்முனையில நீடில் ரோலர் பேரிங், வெளிமுனையில வெண்கல புஷ். நடுவுல ஒரு குழாய், கிரீஸ் ரெண்டு முனைக்கும் போறதுக்கு. கிரீஸ் நிப்பிள் ஷாஃப்ட்டின் வெளிமுனையில, ஒரு சின்ன மூடிக்குப் பின்னாடி இருக்கு. அது இருக்குன்னே பலருக்குத் தெரியாது. கிரீஸ் காய்ஞ்சதும் தண்ணி உள்ள போகும், ரோலர்கள் துருப்பிடிச்சு ஷாஃப்ட்டுல கோடு கோடா பள்ளம் போடும். அதனால பேரிங் மாத்தும்போது ஷாஃப்ட்டையும் மாத்தியே ஆகணும். பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டுல புது நீடில் பேரிங் ரொம்ப நாள் நிக்காது.

சப்ஃப்ரேமை இறக்க வேண்டாம். ஆர்ம் தனியா வரும். வரிசை இப்படி:

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. பின்பக்கம் தூக்கி, துருவில்லாத கெட்டியான இடத்துல ஸ்டாண்ட். ஆர்முக்கு அடியில மட்டும் ஜாக் வெச்சு வண்டியைத் தாங்க விடாதீங்க, ஆர்ம் வெளிய வரப்போகுது.

சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரின் கீழ்நட்டை மட்டும் எடுத்து ஆர்மிலிருந்து இழுத்துடுங்க. ஷாக்கை மாத்தப் போறதில்லைன்னா மேல்முனையைத் தொட வேண்டாம். இடது பக்கம் மேல்நட்டு டிக்கிக்குள்ள பெட்ரோல் டேங்குக்குப் பின்னாடி இருக்கு; டேங்கின் பட்டையைத் தளர்த்தி நகர்த்தினாத்தான் கை போகும். மாத்துறதா இருந்தா டேங்க் காலியா இருக்கும்போது வெச்சுக்கங்க.

மாஸ்டர் சிலிண்டர் மூடிக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தாளை வெச்சு இறுக்கினா, ஹோஸைக் கழற்றும்போது ஃப்ளூயிட் கொட்டுவது குறையும். ஹோஸைக் கழற்றி முனையை அடைச்சிடுங்க. பேக்பிளேட் லீவர்ல இருக்கிற ஹேண்ட்பிரேக் பின்னை எடுத்துடுங்க.

இப்ப ஆர்மை மெதுவா கீழ இறக்கினா ட்ரம்பெட் (ஆர்முக்கும் ரப்பர் கோனுக்கும் நடுவுல இருக்கிற உலோகத் தண்டு) கையோட வரும். முன்பக்கம் மாதிரி கோனை அழுத்த டூல் தேவையில்லை. ட்ரம்பெட் முனையில இருக்கிற நக்கிள் ஜாயின்ட்டையும் அதோட நைலான் கிண்ணத்தையும் பாருங்க. கிண்ணம் வெடிச்சிருந்தாலும், ரப்பர் உறை கிழிஞ்சு உள்ள துரு போயிருந்தாலும் ரெண்டும் சேர்த்துப் புதுசு. விலை அதிகமில்லாத பாகம், இப்ப விட்டா மறுபடி இதே பிரிப்பு.

கடைசியா ஷாஃப்ட்டின் உள்நட், வெளிப்பிராக்கெட்டின் போல்ட்டுகள். பிராக்கெட்டோட சேர்த்து ஆர்ம் வெளிய வரும். வரும்போது முனைகளில் இருக்கிற த்ரஸ்ட் வாஷர்களும் ரப்பர் சீலும் கீழ விழும். எது எந்தப் பக்கம்னு குறிச்சுக்கங்க.

ஒரு எச்சரிக்கை, இதைப் படிக்கிற மற்றவங்களுக்கு: 1964-க்கு அப்புறம் 1971 வரை சில மினிகளில் ஹைட்ரோலாஸ்டிக் இருந்தது. அதுல அழுத்தத்தோட திரவம் இருக்கு. மேல சொன்ன முறை அதுக்குப் பொருந்தாது. அழுத்தத்தை முறையா இறக்காம எதையும் கழற்றக் கூடாது.

---

கால்_அங்குலம்

புஷ் விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான்.

புதிய வெண்கல புஷ்ஷை அடித்து இறக்கியவுடன் ஷாஃப்ட் அதில் போகாது. போகக் கூடாது. புஷ் ஆர்முக்குள் இறுகும்போது சுருங்கும், அதன்பிறகு 0.8125 முதல் 0.8130 அங்குலம் வரை, அதாவது 20.63 முதல் 20.65 மில்லிமீட்டருக்கு ரீம் செய்ய (துளையைச் சரியான அளவுக்கு வெட்டி விரிக்க) வேண்டும். அளவு மட்டும் போதாது. மறுமுனையில் இருக்கும் நீடில் பேரிங்கின் நேர்கோட்டிலேயே ரீமர் போக வேண்டும். அதற்கென்று பைலட் உள்ள நீண்ட ரீமர் இருக்கிறது. பைலட் பேரிங் பக்கம் வழிகாட்ட, வெட்டும் பகுதி புஷ்ஷில் வேலை செய்யும். சாதாரணக் கை ரீமரால் கண்மட்டத்தில் வெட்டினால் ஓட்டை வட்டமாக வரும், ஆனால் சாய்வாக இருக்கும். ஷாஃப்ட் உள்ளே போகும், சுற்றும், எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் சுமை புஷ்ஷின் ஒரு விளிம்பில் மட்டும் விழுவதால் சீக்கிரமே பழைய ஆட்டம் திரும்பிவிடும்.

எனவே அந்த ரீமர் கையில் இல்லாதவர்கள் ஆர்மைக் கழற்றி, பழைய பேரிங்கையும் புஷ்ஷையும் எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, ரீமர் உள்ள மெஷின் ஷாப்பில் கொடுத்துவிடலாம். தயார்நிலை ஆர்ம் வாங்கினாலும் தவறில்லை. வாங்கியதும் மூன்று விஷயம் பாருங்கள். ஷாஃப்ட் விரலால் தள்ளினால் போக வேண்டும், பக்கவாட்டில் துளியும் ஆடக் கூடாது. வெளிமுனை நிப்பிளில் கிரீஸ் கன் வைத்து அடித்தால் ஆர்மின் இரண்டு முனையிலும் கிரீஸ் பிதுங்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் வந்தால் நடுக்குழாய் சரியாக உட்காரவில்லை, அல்லது ஷாஃப்ட்டின் துளை அடைத்திருக்கிறது. மூன்றாவது, ஹப் ஸ்டப்பின் (ஹப் ஏறும் தண்டு) மரை. பழைய ஆர்ம்களில் அது நசுங்கியிருப்பது சகஜம். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நீங்களே புஷ் போடுவதானால் பேரிங்கை எழுத்துப் பொறித்த முகம் வெளியே தெரியும்படி, அந்த முகத்தைத் தள்ளியே ஏற்றுங்கள். ரீம் செய்த பிறகு வெண்கலத் துகள் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. காற்றால் ஊதினால் துகள் நேராக நீடில்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துணி சுற்றிய குச்சியால் துடைப்பதே பாதுகாப்பு.

பொருத்தும்போது பிவட் நட்டுகளுக்கு 53 பவுண்டு-அடி, சுமார் 72 நியூட்டன் மீட்டர். எம்ஜிபி போன்ற இலைவில் வண்டிகளில் பழகியவர்கள் "வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் இறுக்க வேண்டும்" என்பார்கள். அது ரப்பர் புஷ்ஷுக்கான விதி. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். மினியின் ஆர்ம் பிவட்டில் ரப்பர் புஷ் கிடையாது, ஸ்டாண்டில் இருக்கும்போதே முழுசாக இறுக்கலாம்.

---

இடதுமரை

பிரேக் பக்கம் வரேன்.

ஈரம் என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. முன்சக்கர டிரைவ் வண்டி, பின்னாடி ஆக்ஸில் ஆயில் கிடையாது. அதனால ரெண்டே சாத்தியம்: வீல் சிலிண்டர் ஒழுகுது, இல்லன்னா ஹப் சீல் போய் கிரீஸ் வெளிய வருது. தண்ணி மாதிரி மெலிசா, பெயின்ட்டை உரிச்சிருந்தா பிரேக் ஃப்ளூயிட். கறுப்பா, கொழகொழன்னு இருந்தா கிரீஸ். எதுவா இருந்தாலும் ஊறிப்போன ஷூ குப்பைக்குத்தான். பெட்ரோல்ல கழுவறது, நெருப்புல காட்டறது எல்லாம் மேல்பரப்பை மட்டும் உலர வைக்கும். சூடானதும் உள்ள இருக்கிறது திரும்ப வெளிய வரும். ஷூ எப்பவும் ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து, நாலு. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால ட்ரம் தூசியை ஊதாதீங்க. ஈரத்துணியால துடைச்சு அந்தத் துணியை மூடின பையில போட்டுடுங்க.

ட்ரம் 7 அங்குலம், ரெண்டு ஸ்க்ரூவில நிக்குது. ஸ்க்ரூவோட தலை சிதையும் முன்னாடியே இம்பாக்ட் டிரைவர் போடுங்க. அட்ஜஸ்டர் இறுகிப் போயிருக்கறதால ட்ரம் விளிம்பு ஷூவில மாட்டும். ஹேண்ட்பிரேக் கேபிளை முழுசாத் தளர்த்திட்டு, ட்ரம்மைச் சுத்திச் சுத்தி மரச்சுத்தியல்ல தட்டி இழுங்க. ஒரே இடத்துல அடிச்சா வார்ப்பிரும்பு விளிம்பு உடையும்.

வீல் சிலிண்டரை மாத்த ஹப்பைக் கழற்ற வேண்டாம். பேக்பிளேட்டுக்குப் பின்னாடி ஒரு சர்க்கிளிப்தான் அதைப் பிடிச்சிருக்கு. இந்தக் கிளிப்பை ஏத்தறதுலதான் எல்லாரும் பொறுமை இழக்கறாங்க. வழி இது: கேஸ்கெட்டோட சிலிண்டரை உக்கார வெச்சு, சிலிண்டருக்கும் ஹப்புக்கும் நடுவுல ஒரு மரக்கட்டையை ஆப்பா அடிச்சு அசையாம நிறுத்துங்க. பின்பக்கத்திலிருந்து 1⅛ அங்குல சாக்கெட்டால கிளிப்பை நேரா, சமமா அழுத்துங்க. ஸ்க்ரூடிரைவரால ஒவ்வொரு காலா நெம்பினா கிளிப் விரிஞ்சு பிடிப்பு போகும். பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீங்க.

சிலிண்டர் வாங்கும்போது துளை அளவைப் பாருங்க. மினிக்கு ½ அங்குலத்திலிருந்து ¾ அங்குலம் வரைக்கும் வந்திருக்கு, வெளிய பார்க்க எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும். பெரிய துளைன்னா பின்சக்கரத்துல அதிக விசை. பின்பக்கம் லேசான இந்த வண்டியில அது பின்சக்கரம் முதல்ல லாக் ஆகி வால் சுத்தறதுல கொண்டுபோய் விடும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு, முன்னாடி எது இருந்ததோ அதே அளவு.

ஹப்பை எடுக்கறதா இருந்தா (பேக்பிளேட் மாத்தணும்னா எடுத்தே ஆகணும்): இடது பக்க நட்டுக்கு இடதுமரை. கடிகாரச் சுத்துல கழலும். இது தெரியாம நீளமான பைப் போட்டு எதிர்ப்பக்கம் முறுக்கி ஸ்டப்பையே கெடுத்தவங்க உண்டு. வலது பக்கம் வழக்கமான மரை. திரும்பப் போடும்போது 60 பவுண்டு-அடி, அதாவது 81 நியூட்டன் மீட்டர். ஸ்பிளிட் பின் ஓட்டை நேரா வரலைன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கி அடுத்த பள்ளத்துக்குக் கொண்டு வாங்க, தளர்த்தாதீங்க. ஸ்பிளிட் பின் புதுசு.

---

சின்னவண்டி72

மூவருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்: பிரேக் பிடித்தும் ஆட்டம் அப்படியே இருக்கிறது, எனவே ஆர்ம்தான். ஈரம் ஃப்ளூயிட். ட்ரம் வந்துவிட்டது.

இப்போது சிக்கல் இரண்டு. அட்ஜஸ்டரின் சதுரத்தலை ஏற்கெனவே உருண்டிருக்கிறது. ஹேண்ட்பிரேக் கேபிள் இடது பக்கம் இழுத்தால் இழுத்த இடத்திலேயே நிற்கிறது, திரும்பி வருவதில்லை. கேபிள் துருப்பிடித்துவிட்டதா?

---

இடதுமரை

கேபிளைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, ஆர்ம் பிவட்டுக்குப் பக்கத்துல கேபிள் வளைஞ்சு போற இடத்துல கால்வட்டத் தகடு ஒண்ணு இருக்கும் பாருங்க. அது தன் பின்னுல தாராளமா ஆடணும். சக்கரம் எறியற சேறு முழுக்க அங்கதான் அப்புது, துருப்பிடிச்சு நின்னுடும். அது நின்னா கேபிள் தகட்டு மேல உராய்ஞ்சுக்கிட்டே போகும், இழுத்தா திரும்பாது, கொஞ்ச நாள்ல இழையும் அறுபடும். பின்னைக் கழற்றி, துருவைத் தேய்ச்சு, கிரீஸ் வெச்சுப் போடுங்க. தகட்டின் ஓரக்காதுகள் கேபிளை லேசாக் கவ்விப் பிடிச்சிருக்கும். கேபிளை எடுக்க அதை விரிச்சா, திரும்ப மடக்க மறக்காதீங்க. மடக்கலைன்னா கேபிள் நழுவி வெளிய வந்துடும். ஆர்ம் வெளிய இருக்கும்போது செஞ்சா அஞ்சு நிமிஷ வேலை. ஆர்ம் ஏறினதுக்கு அப்புறம் அதே வேலை ஒரு மதியத்தைத் தின்னும்.

பேக்பிளேட் வழியா வர்ற லீவரையும் ஆட்டிப் பாருங்க. அதுவும் துருப்பிடிச்சா ஷூ முழுசாப் பின்வாங்காது.

அட்ஜஸ்டர்: உருண்ட தலையில ஓபன் ஸ்பேனர் போடாதீங்க, இருக்கிற மூலையும் போகும். ட்ரம் கழன்று இருக்கறதால ரெண்டு பக்கத்திலிருந்தும் வேலை செய்யலாம். ஷூவை எடுத்துட்டு, ரெண்டு டாப்பெட்டையும் வெளிய இழுங்க. உள்ளே கூம்பு மாதிரி ஆப்பு தெரியும். துரு கரைக்கும் எண்ணெயை முன்னாலயும் பின்னாலயும் விட்டு ராத்திரி ஊற விடுங்க. அப்புறம் அந்த இடத்தை நல்லாச் சூடு பண்ணி, பூட்டுப் பிளையரால தலையைக் கவ்வி, முன்னும் பின்னுமா கொஞ்சம் கொஞ்சமா அசைங்க. சூடு காட்டும் முன்னாடி சிலிண்டரையும் ஹோஸையும் எடுத்திருக்கணும். வெளிய வந்துட்டா புது ஆப்பும் டாப்பெட்டும் செட்டாப் போடுங்க. டாப்பெட் முனை சரிவா வெட்டியிருக்கும், அந்தச் சரிவு ஆப்பு மேல படுத்து உக்காரணும். திருப்பிப் போட்டா அட்ஜஸ்டர் சுத்தும், ஷூ நகராது. மரைக்கு செம்பு கிரீஸ். பேக்பிளேட்டிலேயே மரை போயிருந்தா பேக்பிளேட்டையே மாத்துங்க, அதுல ஒட்டுவேலை வேண்டாம்.

ஷூ ஏத்தும்போது ஒரு பக்கம் முடிச்சிட்டு அடுத்த பக்கம். மறுபக்கம் பிரிக்காம இருந்தா ஸ்பிரிங் எந்த ஓட்டையில மாட்டுதுன்னு பார்க்க மாதிரி கையிலேயே இருக்கும்.

---

கோன்_ட்ரம்பெட்

அட்ஜஸ்ட் பண்ற வரிசையைச் சேர்த்துடறேன், ஹேண்ட்பிரேக் பிடிக்கலைங்கற புகார்ல பாதி இந்த வரிசையாலதான் வருது. கேபிள் தளர்வா இருக்கட்டும். அட்ஜஸ்டரைக் கடிகாரச் சுத்துல சக்கரம் நிக்கற வரை திருப்புங்க. பெடலை நாலஞ்சு தரம் பலமா மிதிச்சு ஷூவை நடுவுல உக்கார வைங்க. மறுபடி இறுக்கிப் பாருங்க, இன்னும் ஒரு கிளிக் போகும். அப்புறம் சக்கரம் தாராளமாச் சுத்தற வரைக்கும் ஒவ்வொரு கிளிக்கா பின்னால விடுங்க. ரெண்டு சக்கரமும் முடிஞ்சப்புறம்தான் கேபிள்: லீவரை மூணாவது பல்லுல வெச்சு, ரெண்டு பின்சக்கரமும் கையால சுத்த முடியாத அளவுக்கு இறுக்கணும். லீவர்கிட்ட ரெண்டு கேபிள் தனித்தனியா வர்ற பழைய அமைப்புன்னா ஒவ்வொண்ணுக்கும் தனி நட், ரெண்டையும் சமமா வைங்க. லீவரை இறக்கினதும் சக்கரம் தடையில்லாம சுத்தணும். தேஞ்ச ஷூவைக் கேபிளை இறுக்கி ஈடுகட்டினா லீவர் ஆரம்பத்திலேயே ஷூவைத் தள்ளி வெச்சுடும். ட்ரம் சூடாகும், பெடல் உயரமா இருக்கற மாதிரி ஏமாத்தும்.

உங்க ரெண்டு மிதிப் பெடலுக்கும் இதுதான் பெரும்பாலும் காரணம். ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி அதிகம், முதல் மிதி அதை நிரப்புறதிலேயே முடிஞ்சுபோகுது.

---

கால்_அங்குலம்

பிளீடிங் பற்றி. காற்று எடுக்கும்போது பின் அட்ஜஸ்டர்களை முழுவதும் இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் நகர இடமில்லாததால் சிலிண்டரில் தங்கும் காற்றின் அளவு குறைவு, பெடலும் சீக்கிரம் கெட்டியாகும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் இருப்பது முதலில்: உங்கள் வண்டிக்கு இடது பின், வலது பின், இடது முன், வலது முன். டாட் 4, புதிதாகத் திறந்த டப்பா. முடித்ததும் அட்ஜஸ்டர்களை மேலே சொன்னபடி மறுபடி வையுங்கள்.

பின் நிப்பிளைத் திறந்து மிதிக்கும்போது ஃப்ளூயிட் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தால் பின் சப்ஃப்ரேமில் இருக்கும் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வைச் சந்தேகியுங்கள். பின்சக்கரங்கள் லாக் ஆகாமல் இருக்க அங்கே போகும் அழுத்தத்தைக் குறைப்பது அதன் வேலை. சேறு படும் இடம், உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து நின்றுவிடும். ஆனால் முதலில் ஹோஸைச் சரிபாருங்கள்: பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி வழியை அடைத்தாலும் இதே அறிகுறிதான். ஹோஸ் எப்படியும் கழன்றிருக்கிறது, புதியதாகவே போடுங்கள். ஆர்மின் மேல் ஓடும் சிறிய இரும்புக் குழாயின் நட்டு குழாயோடு ஒட்டி, திருப்பும்போது குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் அதையும் மாற்றுங்கள். செம்பு-நிக்கல் குழாய் துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம்.

வண்டி தரையிறங்கிக் கொஞ்சம் ஓடியபின் பின்சக்கரங்களின் டோ அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பகுதி எவ்வளவு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கிறது என்பது) பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்த்து ⅛ அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், உள்நோக்கி இருக்க வேண்டும். புது ஆர்ம் போட்டும் இடது சக்கரம் இன்னும் உள்ளே சாய்ந்திருந்தால் வெளிப்பிராக்கெட் வளைந்திருக்கிறதா என்று வலது பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பிராக்கெட்டும் நேராக இருந்தால் அது பதிந்திருக்கும் சப்ஃப்ரேம் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு உள்ளே போனால் சப்ஃப்ரேமே மாற்ற வேண்டிய நிலை. அப்படியானால் முன்பக்க ட்ரன்னியன்களை (சப்ஃப்ரேமை உடலில் மாட்டும் தாங்கிகள்) உடலோடு பிடிக்கும் ஸ்க்ரூக்களுக்குச் சில நாள் முன்பிருந்தே எண்ணெய் விட்டு வாருங்கள், அவை உடைந்தால் மரை உடல் தகட்டுக்குள் மாட்டிக்கொள்ளும்.

கிரீஸ் நிப்பிளுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை, வண்டி குறைவாக ஓடினால் வருடத்துக்கு ஒருமுறை. சக்கரம் தொங்கும் நிலையில் அடியுங்கள். பழைய கிரீஸ் கறுப்பாக வந்து, பிறகு புதியது தெளிவாக வரும்வரை.